எந்தக் காற்றை அடக்குகிறோம்?

ஆஸ்துமாக்காரருக்கு முதல்முறை இன்ஹேலர் கொடுக்கும்போது செவிலியர் தவறாமல் ஒன்று சொல்வார்: “மெதுவா உள்ள இழுங்க, வாயை மூடிப் பத்து எண்ணுற வரைக்கும் மூச்சைப் பிடிங்க, அப்புறமா விடுங்க.” அந்தப் பத்து எண்ணிக்கையில் பாதி வைத்தியம் இருக்கிறது. பஃப்பிலிருந்து வந்து நுரையீரலுக்குள் போய்ச் சேரும் மருந்துத் துகள்கள் ஒன்றிலிருந்து ஐந்து மைக்ரான் வரை பருமன் உள்ளவை. ஒரு மைக்ரான் துகள் அசையாத காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 35 மைக்ரான் தூரம்தான் கீழே இறங்கும். நுரையீரலின் கடைக்கோடியில் இருக்கும் ஒரு காற்றறையின் குறுக்களவு சுமார் 200 மைக்ரான்; ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. ஆறு நொடி அவகாசம் கிடைத்தால் துகள் அறையின் மேற்சுவரிலிருந்து கீழ்ச்சுவருக்கு வந்து ஒட்டிக்கொள்ளும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாம் ஏறக்குறைய நான்கு நொடிக்கு ஒரு மூச்சு விடுகிறோம். அந்த வேகத்தில் இந்தச் சிறிய துகள்களில் பெரும்பகுதி, வந்த வழியே வெளியே போய்விடும். மூச்சைப் பிடித்தால்தான் மருந்து தங்கும்.

மருந்துத் துகள் எது, டீசல் கரித்தூள் எது என்று நுரையீரலுக்குத் தெரியாது. நல்லதைப் படியவைக்கும் அதே பத்து நொடி கெட்டதையும் படியவைக்கும். வடசென்னைத் தண்டையார்பேட்டையில் விடிகாலை மொட்டை மாடியில் பாய் விரித்துக் கண்ணை மூடி, உள்ளே இழுத்த காற்றை அடக்கி உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதை யாராவது சொல்லியாக வேண்டும். பயிற்சியை விடச் சொல்ல நான் வரவில்லை. மூச்சைக் கவனித்து உட்காருவதால் உடம்புக்குக் கிடைக்கும் நன்மை மெய்யானது. ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்க்கப்பட்டது. ஆனால் அந்த நன்மை எந்த மூச்சில் இருக்கிறது, எதில் இல்லை என்று பிரித்துப் பார்க்காமல், ஆற்றங்கரைக்கும் மலையடிவாரத்துக்கும் எழுதப்பட்ட விதியை அப்படியே எடுத்து வந்து எண்ணெய்க் கிடங்குகளுக்கும் கண்டெய்னர் லாரிகளுக்கும் நடுவே கடைப்பிடிப்பது சரியில்லை.

இந்த வட்டாரத்துக்கும் மூச்சுப் பயிற்சிக்கும் பழைய உறவு உண்டு. தொண்டிப் பக்கத்துக் குணங்குடியிலிருந்து வந்து இராயபுரத்தில் தங்கித் தவமிருந்த சூஃபி ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபு 1838இல் இங்கேயே மறைந்தார். தொண்டியார் என்று மக்கள் அவரை அழைத்ததிலிருந்துதான் தண்டையார்பேட்டைக்குப் பெயர் வந்தது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். சித்தர்களின் யோகச் சொற்கள் அவர் பாடல்களில் நிறைந்திருக்கின்றன. வடக்கே கொஞ்ச தூரம் போனால் திருவொற்றியூர்க் கடலோரத்தில் பட்டினத்தார் சமாதி. இவர்களுக்கெல்லாம் மூத்தவரான திருமூலர், திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பூரகத்துக்கு 16, கும்பகத்துக்கு 64, ரேசகத்துக்கு 32 என்று மாத்திரைக் கணக்கே கொடுத்திருக்கிறார். இழுப்பதைப் போல நான்கு மடங்கு நேரம் அடக்கி, இரண்டு மடங்கு நேரத்தில் விட வேண்டும். இன்றைக்கு வகுப்புகளில் சொல்லித்தரும் 1:4:2 என்ற அளவு இதுதான்.

இந்த மூன்றில் உடம்புக்கு எது என்ன செய்கிறது?

மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகத் துடிக்கிறது, விடும்போது நிதானமாகிறது. இப்போதே மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்த்தால் தெரியும். முகுளத்திலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு, இதயத்துக்கு இடைவிடாமல் ‘மெதுவாக, மெதுவாக’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. உள்ளிழுக்கும் வேளையில் அந்தச் சொல் தடைப்படுகிறது. வெளிவிடும் வேளையில் மறுபடி கேட்கிறது. ஆகவே வெளிமூச்சு எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவுக்கு வேகஸின் கை ஓங்கும். மூச்சோடு சேர்ந்து துடிப்பு ஏறி இறங்கும் இந்தத் தன்மை நன்றாக இருந்தால் இதயம் ஆரோக்கியம் என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். வயதும் சர்க்கரை நோயும் ஓயாத பதற்றமும் அதைக் குறைக்கின்றன.

இதோடு இன்னொரு சுழற்சியும் ஓடுகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உண்டு. ரத்த அழுத்தம் ஏறினால் அவை மூளைக்குச் சேதி சொல்லும், மூளை இதயத்தை அடக்கும், அழுத்தம் இறங்கும். இறங்கியதும் பிடி தளரும், மறுபடி ஏறும். இந்த ஏற்ற இறக்கம் இயல்பாகவே ஏறக்குறைய பத்து நொடிக்கு ஒருமுறை நடக்கிறது. நாமும் பத்து நொடிக்கு ஒரு மூச்சு, அதாவது நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்று விட்டால் இரண்டு அலைகளும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. ஊஞ்சல் திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளினால் சின்னக் குழந்தை தள்ளினாலும் அது உயரப் போகிறதே, அதுபோல. அழுத்த உணரிகள் கூர்மையடைகின்றன, துடிப்பின் ஏற்ற இறக்கம் பெருகுகிறது.

இத்தாலியைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டி குழுவினர் 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான 23 பேரை லத்தீன் மொழியில் செபமாலை மன்றாட்டும், திபெத்திய மந்திரமான ‘ஓம் மணி பத்மே ஹூம்’ என்பதும் சொல்லவைத்து மூச்சையும் இதயத்தையும் அளந்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு என்ற இடத்தில் வந்து நின்றது. இராயபுரத்தில் மணி உருட்டிச் செபமாலை சொல்லும் ஆயாவும், திக்ரு ஓதும் பெரியவரும், தைப்பூசத்துக்கு விரதமிருந்து நாமம் சொல்பவரும் நீட்டி நிதானமாகச் சொல்லும்போது இதே வேகத்தை நெருங்குகிறார்கள். யார் பெயரைச் சொல்கிறார்கள் என்பதை வேகஸ் நரம்பு கேட்பதில்லை. எவ்வளவு நீட்டிச் சொல்கிறார்கள் என்பதைத்தான் பார்க்கிறது.

நம் பக்கத்துச் சான்று புதுச்சேரி ஜிப்மரில் இருக்கிறது. அங்குள்ள உடலியங்கியல் துறையினர் 60 மருத்துவ மாணவர்களை இரண்டு அணியாகப் பிரித்து, ஒரு அணிக்கு மெதுவான மூச்சும் மற்ற அணிக்கு வேகமான மூச்சும் மூன்று மாதம் பழக்கிப் பார்த்தார்கள். 2004இல் வெளியான முடிவு தெளிவானது. மெதுவான மூச்சு பழகியவர்களிடம் உடம்பை அமைதிப்படுத்தும் நரம்புகளின் செயல் கூடி, பரபரப்பூட்டும் நரம்புகளின் செயல் குறைந்திருந்தது. வேகமாகப் பழகியவர்களிடம் சொல்லும்படியான மாற்றம் இல்லை. மூச்சுப் பயிற்சி என்று ஒரே பெயரில் சொன்னாலும் இரண்டும் ஒன்றில்லை என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டாம்.

மனம் அடங்குவதற்கும் ஒரு வழி தெரிந்திருக்கிறது. மூச்சின் தாளத்தை உண்டாக்கும் சிறு நரம்புக் கூட்டம் முகுளத்தில் இருப்பதை 1991இல் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து விழிப்பையும் பதற்றத்தையும் தூண்டும் மையத்துக்கு நேரே ஓர் இணைப்பு போகிறது என்று 2017இல் எலிகளில் காட்டினார்கள். அந்த இணைப்புக்குரிய நரம்பணுக்களை அழித்ததும் எலிகள் பதற்றமே இல்லாமல் அமைதியாக உட்கார்ந்துவிட்டன. மூச்சைத் தணித்தால் மனம் தணியும் என்று நம் முன்னோர் சொன்னதற்கு உடம்புக்குள் ஒரு கம்பி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்ததாக, மூச்சைச் சும்மா கவனிப்பது மேலா, மாற்றுவது மேலா என்ற கேள்விக்கு ஸ்டான்ஃபோர்டில் நடந்த ஆய்வு 2023இல் ஒரு பதில் தந்தது. தினமும் ஐந்தே நிமிடம், ஒரு மாதம். வெளிமூச்சை நீட்டிப் பெருமூச்சு விட்டவர்களிடம், வெறுமே கவனித்தவர்களைவிட மனநிலை கூடுதலாகத் தேறியிருந்தது. ஐந்து நிமிடம் என்பதைக் கவனியுங்கள். ஷிப்டு முடிந்து வருகிறவருக்கும் அது முடியும்.

இந்தப் பலன்களில் எதற்கும் 64 மாத்திரை அடக்கத் தேவையில்லை. மெதுவான மூச்சும் நீண்ட வெளிமூச்சும் போதும்.

அடக்குவது வேறு கதை. யோகிகள் இதயத்தையே நிறுத்துகிறார்கள் என்ற பேச்சைச் சோதிக்க 1930களில் பிரெஞ்சு மருத்துவர் தெரேஸ் ப்ரோஸ் கருவிகளோடு இந்தியா வந்தார். பிறகு வெங்கர், பாக்சி, ஆனந்த் ஆகியோர் அதே சோதனையை இன்னும் நல்ல கருவிகளோடு செய்து 1961இல் வெளியிட்டார்கள். நாடி நின்றது உண்மை, இதயம் நிற்கவில்லை. தொண்டையை மூடி, மார்பையும் வயிற்றையும் இறுக்கி மூச்சைப் பிடிக்கும்போது மார்புக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து, நாடி கைக்குத் தட்டுப்படாமல் போகிறது. பிடியை விட்டதும் ரத்த அழுத்தம் முன்பிருந்ததைவிட மேலே எகிறும். அழுத்த நோய்க்காரரும், கண் அழுத்தம் உள்ளவரும், குடலிறக்கம் உள்ளவரும் இறுக்கி அடக்கவே கூடாது என்று சொல்வதற்குக் காரணம் இது. கபாலபாதி போன்ற வேகமான மூச்சில் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தலை கிறுகிறுக்கும், விரல் நுனி மரத்துப்போகும். அதைச் சக்தி ஏறுகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வலிப்பு நோயைக் கண்டறிய மூளை அலைப் பதிவு எடுக்கும்போது நோயாளியை மூன்று நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொல்வார்கள், ஏனென்றால் அது ஒளிந்திருக்கும் வலிப்பைக் கிளப்பிவிடும். கபாலபாதி செய்த 29 வயதுப் பெண்ணுக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்ததை 2004இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்திருக்கிறது. இவை அரிதானவை. ஆனாலும் ஆசிரியர் தெரிந்துவைத்திருக்க வேண்டியவை.

இனி காற்றுக்கு வருவோம். மெதுவான மூச்சில் ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. சாதாரண மூச்சில் ஒவ்வொரு முறையும் 500 மி.லி. இழுக்கிறோம். அதில் 150 மி.லி. மூக்கிலும் மூச்சுக்குழலிலுமே தங்கிவிடும், ரத்தத்துக்கு உதவாது. நிமிடத்துக்கு 15 மூச்சு என்றால் மொத்தம் ஏழரை லிட்டர் இழுத்தும் காற்றறைகளுக்குப் போவது 5.25 லிட்டர்தான். ஆழமாக ஒரு லிட்டர் வீதம் ஆறு மூச்சு விட்டால், இழுப்பது ஆறு லிட்டர், காற்றறைக்குப் போவது 5.1 லிட்டர். கிட்டத்தட்ட அதே வேலைக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைந்த காற்று போதும். மாசு உள்ள ஊரில் இது லாபம் போலத் தோன்றும். ஆனால் ஆழமாக இழுத்து நீண்ட நேரம் உள்ளே வைக்கும்போது, உள்ளே போன தூசியில் படிகிற பங்கு கூடிவிடுகிறது. இன்ஹேலரின் பத்து நொடி இங்கேதான் நமக்கு எதிராகத் திரும்புகிறது. 0.3 மைக்ரான் அளவுள்ள துகள் மிகச் சோம்பேறி. நொடிக்கு நான்கு மைக்ரான்தான் இறங்கும். சாதாரண மூச்சில் பெரும்பாலும் தப்பித்து வெளியேறிவிடும். ஒரு மாத்திரை ஒரு நொடி என்று வைத்து 64 நொடி அடக்கினால் அது 250 மைக்ரானுக்கும் மேல் இறங்கிவிடும். ஒரு காற்றறையைக் கடக்க அது தாராளம்.

தண்டையார்பேட்டையின் காற்றில் என்ன இருக்கிறது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் துடைத்த ஜன்னல் கம்பியை மாலையில் விரலால் தொட்டால் கறுப்பாக ஒட்டும். துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையாக என்ஜினை அணைக்காமல் நிற்கின்றன. மேற்கே கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கு, வடமேற்கே மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும், வடக்கே அனல்மின் நிலையங்கள். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது 2011இல் நீதிமன்ற உத்தரவால் நின்றது இராயபுரத்துக்கு ஆறுதல். அந்தக் கரி எண்ணூருக்குப் போனது. 2.5 மைக்ரானுக்கும் சிறிய தூசி ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்திய வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த அளவு 5. இந்தத் தூசி நுரையீரலோடு நிற்பதில்லை. ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது, துடிப்பின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கிறது. மெதுவான மூச்சு எந்த நரம்பைத் தட்டி எழுப்புகிறதோ அதே நரம்பை மாசு அமுக்குகிறது. ஒரே உடம்புக்குள் இரண்டும் எதிரெதிராக இழுக்கின்றன.

இங்கே நேரம் முக்கியம். விடியலுக்கு முந்தைய வேளையைப் பெரியவர்கள் சொன்னதில் அமைதி இருந்தது, வெறும் வயிறு இருந்தது. தொழிற்சாலைப் பகுதியில் அதே வேளைக்கு வேறு குணம். இரவில் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்று கனமாகி, மேலே சூடான அடுக்கு மூடிக்கொள்வதால் புகை கலைந்து மேலே போக வழியில்லை. கடற்காற்றும் அப்போது இருக்காது. நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்ல வீசும் காற்று மேற்கிலிருக்கும் நாற்றத்தை நம் பக்கம் கொண்டுவரும். குளிர்காலத்தில் இது இன்னும் மோசம். மார்கழி விடியலில் ஓசோன் நிறைந்திருக்கிறது, அதை இழுத்தால் நல்லது என்று ஆண்டுதோறும் யாராவது எழுதுகிறார்கள். தரைமட்ட ஓசோன் வெயில் பட்டு உருவாவது. பிற்பகலில்தான் உச்சத்துக்குப் போகும். அதுவும் நுரையீரலை அரிக்கும் நஞ்சு. மார்கழியில் எழுந்து கோலம் போடுங்கள், பாடுங்கள். ஓசோனுக்காக ஆழமாக மூச்சிழுக்க வேண்டாம்.

கெட்ட காற்று வந்தால் உடம்பு தானாகவே ஒன்று செய்கிறது. நுரையீரலின் நுண்குழாய்களை ஒட்டி உள்ள நரம்பு முனைகளை இந்திய உடலியங்கியல் அறிஞர் ஏ.எஸ். பெயின்டல் 1955இல் கண்டறிந்தார். அங்கே நீர் கோத்தாலோ எரிச்சலூட்டும் வாயு பட்டாலோ அவை கிளர்ந்து, மூச்சைச் சிறிதாகவும் வேகமாகவும் ஆக்கிவிடும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பத்துக்காரர்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் வீட்டைவிட்டு ஓடினார்கள். அப்படிப்பட்ட வேளையில் நெஞ்சு சுருங்குவது தற்காப்பு. வாயு நாற்றம் வீசும் இரவில், மூச்சு தானே சின்னதாகும்போது அதைப் பயிற்சியால் மீறி ஆழமாக இழுப்பது உடம்பின் எச்சரிக்கையை வாயடைப்பதாகும். எழுந்து உள்ளே போய் ஜன்னலைச் சாத்துங்கள்.

உள்ளே போனால் அங்கே ஊதுபத்தியும் கொசுவர்த்தியும் புகையக் கூடாது. ஒரு கொசுவர்த்திச் சுருள் கக்கும் நுண்தூசி 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஆய்வு அளந்து சொன்னது. தியான அறை என்று கதவைச் சாத்தி, சாம்பிராணி போட்டு, கும்பகம் பழகுவது தெருவில் உட்காருவதைவிடக் கேடு. கொசுவலை கட்டிக்கொள்ளலாம்.

என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு: மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை இழுங்கள், ஆறு எண்ணும்வரை விடுங்கள், நடுவில் அடக்காதீர்கள். மூக்கு பெரிய தூசியைப் பிடித்துக்கொள்வதோடு, ரத்தக் குழாயை விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடையும் காற்றில் கலந்து அனுப்புகிறது. ‘ம்’ என்று முனகியபடி மூச்சை விட்டால் மூக்கில் அந்த வாயு சாதாரண அளவைப் போல் 15 மடங்கு வரை கூடுவதை 2002இல் ஸ்வீடனில் அளந்தார்கள். இப்படி முனகும் பிராமரியைப் பழகுகிறவர்களுக்கு இது தெம்பு தரும் சேதி. ஐந்து நிமிடத்தில் தொடங்கிப் பத்து நிமிடம் போதும். கோடையில் கடற்காற்று ஏறிய பிறகு, சாலையிலிருந்து தள்ளியுள்ள மாடியில் உட்காருங்கள். தீபாவளி, போகி நாட்களில் விட்டுவிடலாம். தலை சுற்றினால், நெஞ்சு அடைத்தால் நிறுத்துங்கள்.

பலனையும் அளவோடு எதிர்பாருங்கள். மெதுவான மூச்சு ரத்த அழுத்தத்தைச் சில புள்ளிகள் குறைக்கும், மாத்திரைக்கு மாற்றாகாது. அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடம் ‘நான் பிராணாயாமம் செய்றேன், வேணாம்மா’ என்று சொல்லிவிடாதீர்கள். ஆஸ்துமாவுக்கும் அப்படியே. பெங்களூரு யோகா குழுவின் நாகரத்னாவும் நாகேந்திராவும் 53 நோயாளிகளுக்கு யோகம் பழக்கி, பழகாதவர்களோடு ஒப்பிட்டு 1985இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட ஆய்வில், யோகம் பழகியவர்களுக்கு இழுப்பு வரும் தடவை குறைந்தது. அங்கே ஆசனம், மூச்சு, தியானம் எல்லாம் சேர்ந்தே இருந்தன. மருந்தும் கூடவே ஓடியது. ‘பஃப் பழகிடும்’ என்ற பயத்தில் இன்ஹேலரைத் தூக்கிப் போட்டவர்கள்தான் நள்ளிரவில் ஆட்டோ பிடித்து ஸ்டான்லி மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள்.

மூச்சுப் பயிற்சி சொல்லித்தரும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இராயபுரத்திலும் கொடுங்கையூரிலும் மணலியிலும் காற்றைத் தொடர்ந்து அளக்கும் நிலையங்கள் இருக்கின்றன. அவை காட்டும் காற்றுத் தர எண்ணை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் யாரும் பார்க்கலாம். வகுப்பைத் தொடங்கும் முன் அந்த எண்ணைப் பார்த்து மாணவர்களுக்குச் சொல்லுங்கள். நூறைத் தாண்டிய நாளில் கும்பகத்தை விட்டுவிட்டு, கதவைச் சாத்தி, மெதுவான மூச்சோடு முடித்துக்கொள்ளுங்கள். தினமும் அதைக் குறித்துவையுங்கள். அடுத்த முறை நம் பகுதியில் ஆலை விரிவாக்கத்துக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும்போது அந்த நோட்டை எடுத்துப் போய் மேடையில் படியுங்கள்.